திரையில் வராத சத்தம்

எங்கள் கூட்டத்தில் அவனைக் காது என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேகமான கார்களை வாங்கி, அவற்றை மேலும் வேகமாக்குவதிலேயே சம்பளத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தொலைப்பவர்கள் நாங்கள். முப்பது, முப்பத்தைந்து பேர் இருப்போம். பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், லாரி ஓட்டுபவர் இருக்கிறார், கணக்கு வாத்தியார் இருக்கிறார். பானெட்டைத் தூக்கிவிட்டால் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். வீட்டில் இருப்பவர்கள் எங்களை எப்போதோ தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள்.

நான் எஞ்சின் கட்டுபவன். கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டிக் கொடுப்பேன். அதற்குப் பிறகு வண்டி காதிடம் போகும். அவனுக்கு வேலை லேப்டாப்பில். எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று எஞ்சினுக்குச் சொல்லித்தரும் அட்டவணையை எழுதுவான். வண்டியை உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டிப்போட்டு, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு, எத்தனை குதிரைத்திறன் வருகிறது என்று திரையில் பார்ப்பான். பேராசைப்பட்டுத் தீப்பொறியை முன்னால் தள்ளினால் பெட்ரோல் அவசரப்பட்டு வெடிக்கும். பிஸ்டனைச் சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். நாக்கிங் என்போம். விட்டால் எஞ்சினைக் கொன்றுவிடும். அதைப் பிடிக்கக் கருவி உண்டு, திரையில் சிவப்புக் கோடு காட்டும். காது அந்தக் கருவியை மட்டும் நம்பமாட்டான். எஞ்சினின் உடம்பில் சின்ன மைக் ஒன்றைத் திருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பான். சிவப்புக் கோடு வருவதற்கு முன்பே கை மேலே போய்விடும்.

"போதும். அதைக் கொன்னுடாத" என்பான்.

அவன் கை வைத்த வண்டி வழியில் நின்றதில்லை என்று பேர் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு வரை இருந்தது.

அவன் மனைவியின் தம்பிக்கு நாங்கள் வைத்த பெயர் 'கொஞ்சம்'. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் காதின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வராதா மாமா?" என்று கேட்பான். இருபத்தாறு வயது. நீல நிறத்தில் இரண்டு கதவுக் கார் வைத்திருந்தான். நானூறு என்ற எண்ணைத் திரையில் பார்க்காமல் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தான். எஞ்சினை நான் கட்டினேன். ஒரு சனிக்கிழமை காது அதை உருளை மேல் ஏற்றினான். கடைசி ஓட்டத்தில் நானூற்று நான்கு. எல்லோரும் கைதட்டினோம். 'கொஞ்சம்' கணக்கு வாத்தியாரைத் தூக்கிச் சுற்றினான்.

மறுநாள் பந்தயத் தடத்தில் அவன் ஓட்டிய மூன்றாவது சுற்று. நேர்ச்சாலையில் எஞ்சின் வெடித்தது. உள்ளேயிருந்த ஆயிலெல்லாம் பின் டயர்களில் கொட்டி, வண்டி பக்கவாட்டில் திரும்பி, சுவரில் போய் மோதியது. ஆம்புலன்ஸ் அங்கேயே தயாராக நின்றது. ஆனால் அதில் வந்த டாக்டர் கீழே குனிந்து பார்த்துவிட்டு உடனே நிமிர்ந்துவிட்டார். அந்த நிமிர்ந்த முதுகு இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மூன்று மாதம் கழித்து காது வேலைக்கு வந்தான். முதலில் வந்தது பல் டாக்டரின் கார். நானும் பக்கத்தில் இருந்தேன். வண்டி பாதி வேகத்தைக்கூடத் தொடவில்லை, கையைத் தூக்கிவிட்டான்.

"என்னாச்சு?"

"தட்டுது."

"எங்கடா தட்டுது? திரை சுத்தமா இருக்கே."

"எனக்குக் கேக்குது" என்றான்.

அதற்குப் பிறகு எல்லா வண்டியிலும் அவனுக்குக் கேட்டது. முந்நூறு வரும் எஞ்சினை இருநூற்று இருபதிலேயே நிறுத்திக் கொடுத்தான். பயல்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த வேறொருவனிடம் போக ஆரம்பித்தார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? கூட்டத்தில் நின்றுகொண்டு, "சிங்கத்தைக் கொண்டுபோய் விட்டா பால் வண்டியாக்கித் தர்றான்" என்று கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் காதில் அது விழாமல் இருந்திருக்காது.

வீட்டிலும் அதே கதைதான். அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கண்ணாடிக் கடை ஒன்றில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. நிதானமானவள், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டாள். அவளே ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"சுவர்க் கடிகாரத்துல பேட்டரிய எடுத்துட்டார் அண்ணே. வாஷிங் மெஷின் சுத்த ஆரம்பிச்சா ஓடிப்போய் நிறுத்துறார். பாதி துவைச்ச துணி அப்படியே கிடக்கு. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறார்."

"போகப் போகச் சரியாயிடும்மா" என்றேன்.

நொறுங்கிய கார் அவர்கள் வீட்டுக் கராஜில்தான் இருந்தது. எஞ்சினைத் திறக்காமலே விசாரணை முடிந்து வந்ததும் அவள் உறை போட்டு மூடி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இரண்டாவது வருஷம் ஒரு மத்தியானம், இரவல் போன ஜாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. காருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு காது உட்கார்ந்திருந்தான். உறையின் ஒரு மூலை தூக்கிவிடப்பட்டிருந்தது. செத்துப்போன அந்த எஞ்சினில் மைக்கைத் திருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியிருந்தான்.

"டேய், என்னடா கேக்குற?"

மெதுவாகக் கண்ணைத் திறந்தான். "இது ஒண்ணுலதான் சத்தமில்ல. அதான் வந்து உக்காந்துக்குறேன்."

நானும் கீழே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் சொன்னான்.

"அந்தக் கடைசி ஓட்டத்துல கேட்டுச்சுடா. ஒரே ஒரு தடவை. டக். திரையப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. அவன் நானூறு நானூறுன்னு குதிச்சிட்டிருந்தான். நீங்கல்லாம் கைதட்டுனீங்க. நான் ஹெட்போன கழட்டிட்டேன்."

"உன் பிரமையா இருக்கும்."

"அப்ப கையத் தூக்கியிருக்கணும். என் வேலையே அதுதானே. நாக்கிங்க விட்டுட்டேன். பிஸ்டன் உடைஞ்சுது. நான்தான் அவனைக் கொன்னேன்."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"சொன்னா போயிடுவா. சொல்லாமலும் இருக்க முடியல. தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிடுறேன், சோறு இறங்க மாட்டேங்குது."

எனக்கு அவன் மேல் பரிதாபம் வந்தது. கூடவே, எஞ்சின் கட்டுபவனுக்கே உரிய கெட்ட புத்தி ஒன்றும் உள்ளே நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டது. அப்பாடா, என் வேலையில் பழுதில்லை. வெட்கமில்லாமல் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு இதுவும் சேர்த்தி.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்களில் ஒருவன் போய்விட்டால் அவன் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பமாட்டோம். வீட்டார் மனசு வந்து எப்போது கேட்கிறார்களோ, அப்போது எல்லோரும் ஆளுக்கொரு வேலையைக் கையிலெடுத்து அதைத் திரும்பக் கட்டிவிடுவோம். தகரம் தட்டுபவன் தகரம் தட்டுவான், பெயின்ட் அடிப்பவன் பெயின்ட் அடிப்பான். கடைசியாக அதற்கு அட்டவணை எழுதி ட்யூன் செய்தவன்தான் முதல் முறை சாவியைத் திருப்ப வேண்டும். தங்கச்சி நான்கு வருஷம் கேட்கவில்லை. இந்த வருஷம் ஒரு காலையில் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, வண்டிய எடுத்துட்டுப் போங்க. எஞ்சினத் திறந்து பாருங்க."

அவள் 'கட்டுங்க' என்று சொல்லாமல் 'திறந்து பாருங்க' என்று சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை.

எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி, அடியில் இருந்த ஆயில் தட்டைக் கழற்றினேன். கொட்டியது போக மிஞ்சிக் கறுத்துக் கெட்டியான ஆயில், அதற்குள் அலுமினியத் துண்டுகள், உடைந்த ராடு. பிஸ்டன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். நாக்கிங் அடித்த பிஸ்டனின் தலையில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருக்கும். மூன்று பிஸ்டன்கள் வழுவழுவென்று இருந்தன. நான்காவது மற்ற சாமான்கள் மோதி நசுங்கியிருந்தது, ஆனால் அதிலும் ஒரு தழும்பு இல்லை. காது எழுதிய அட்டவணையில் ஒரு குற்றமும் இல்லை.

ஆயில் தட்டில் விரலைவிட்டுத் துழாவினேன். ஒரு போல்ட் கிடைத்தது. பிஸ்டனின் கம்பியான ராடை, அடியில் சுழலும் கிராங்க் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட், ராடுக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு. மற்ற ராடுகளில் ஆறும் இருந்த இடத்தில் இருந்தன. உடைந்த ராடில் ஒன்று பாதியில் முறிந்திருந்தது. கையில் கிடைத்தது எட்டாவது. அது முறியவில்லை. மரை கூடக் கெடவில்லை. அது தானாகக் கழன்று வந்திருந்தது.

போல்ட்டை அளந்து முறுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது என் பழக்கம். எதை முறுக்கினோம், எதை விட்டோம் என்று சந்தேகம் வரக் கூடாதல்லவா? ஏழு தலையிலும் மஞ்சள் இருந்தது, கொஞ்சம் கருகியிருந்தாலும் இருந்தது. எட்டாவதைப் பெட்ரோலில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். புள்ளி இல்லை.

அந்த நாள் அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்சமும் வாத்தியாரும் இன்னும் நாலு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். நான் எஞ்சின் கட்டும் அழகைப் பார்க்க வந்தார்களாம். ஏழாவதை முறுக்கிவிட்டு, ரெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு, பழைய வீரப் பிரதாபம் ஒன்றை அளக்க ஆரம்பித்தேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கதை முடிந்தது. கையால் திருகி வைத்திருந்த எட்டாவது போல்ட்டைத் தாண்டி அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மூடிப் பூட்டுவதற்கு முன்னால் புள்ளிகளை எண்ணவும் இல்லை. முப்பது வருஷமாக எண்ணித்தான் மூடியிருக்கிறேன், அன்றைக்கு எண்ணவில்லை.

மஞ்சள் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்தேன். மூடியைத் திறந்தேன். போல்ட்டின் தலையில் ஒரு புள்ளி வைத்தேன். ஆமாம், வைத்தேன். அது காய்வதற்குள் சட்டை நுனியால் துடைத்தேன். மூன்று நாள் பட்டறையை உள்ளே பூட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டாவது நாள், குழாயிலிருந்து வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. டக். எழுந்து போய்க் குழாயை இறுக்கினேன். ஏற்கனவே இறுக்கித்தான் இருந்தது. வாளி காலியாக இருந்தது.

நான்காவது நாள் போல்ட்டை எடுத்துக்கொண்டு காதிடம் போனேன். விடுதலை கொடுக்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். என் தலை உருண்டாலும் பரவாயில்லை, நான்கு வருஷமாகச் செய்யாத குற்றத்துக்குச் செத்துக்கொண்டிருப்பவன் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் போல்ட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"நாக்கிங்கே இல்லையா?"

"ஒரு தழும்பு இல்லடா. உன் மேல தப்பே இல்ல. எல்லாம் நான்தான்."

என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். போல்ட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அப்ப நான் கேட்டது என்ன?"

அவனுக்கே தெரிந்துவிட்டது. அந்தக் கருவி நாக்கிங் சத்தத்தை மட்டும்தான் தேடும், வேறு சத்தம் வந்தால் கண்டுகொள்ளாது. அதனால்தான் திரை சுத்தமாக இருந்தது. அவன் கேட்டது இந்தப் போல்ட் தளர்ந்து ராடு ஆடிய சத்தம். அன்றைக்குக் கையைத் தூக்கியிருந்தால் எஞ்சினைத் திறந்திருப்போம், ரெஞ்சை வைத்து ஒரு முறுக்கு முறுக்கியிருப்போம், ஞாயிற்றுக்கிழமை 'கொஞ்சம்' வீட்டில் தூங்கியிருப்பான்.

"சரியாத்தான் கேட்டிருக்கேன்" என்றான். அப்படி ஒரு குரலை நான் யாரிடமும் கேட்டதில்லை.

இரண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போனோம். தங்கச்சி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். சமையலறை மேசையில் போல்ட்டை வைத்தேன். முதலில் நான் சொன்னேன், பிறகு அவன் சொன்னான். குறுக்கே பேசாமல் கேட்டாள். அழவில்லை.

"அன்னைக்குக் காலையில தம்பி எனக்குப் போன் பண்ணினான்" என்றாள். "அக்கா, வண்டியில டக்குன்னு ஒரு சத்தம் வருது, நேத்தே வந்துச்சுன்னான். மாமாகிட்ட கேளுடான்னேன். மாமா பக்கத்துலதான்க்கா இருந்தாரு, அவரு காதுல விழாததா என் காதுல விழுந்துடப் போகுதுன்னு சிரிச்சான். நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

காது மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"நாலு வருஷமா நீங்களா சொல்வீங்கன்னு பாத்துட்டு இருக்கேன். கடிகாரத்த நிறுத்துனீங்க, மெஷின நிறுத்துனீங்க, வாயத் திறக்கல. அதான் எஞ்சினத் திறக்கச் சொன்னேன்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கள நான் நினைக்கவே இல்ல அண்ணே."

அந்த அண்ணே என்னைக் கூறு போட்டுவிட்டது.

"எங்க அம்மா இன்னும் அவன் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டான்னுதான் நினைச்சிட்டு இருக்காங்க. அவன் போட்டோகிட்ட தினமும் அவனத் திட்டுறாங்க. ரெண்டு பேரும் போய்ச் சொல்லுங்க. நான் வரல."

அடுத்த தெருதான். நடந்தே போனோம். கதவைத் திறந்த அம்மாவுக்கு எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வாங்கப்பா, வாங்க. வண்டி கிளம்பிடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காது அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லத்தே. உள்ள போய் உக்காருவோம். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."