மஞ்சள் விரலும் இரண்டாவது கோடும்

நான் எட்டாவது வரை படித்தேன். போத்தனூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. தொழுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டையை வெட்டி, பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடுவேன். அதில் ஒரு சொட்டு ரத்தம், இரண்டு சொட்டுக் கரைசல் விட வேண்டும். ஒரு கோடு வந்தால் பட்டை வேலை செய்கிறது. இரண்டாவதும் வந்தால் நோயின் அடையாளம் இருக்கிறது.

அதை உருவாக்கிய டாக்டரம்மா முதன்முதலாக அதை வெளியே கொண்டுபோன அன்று என்னையும் கூட்டிப்போனார். பெருந்துறைப் பக்கம் ஒரு மஞ்சள் குடோன். அங்கே வேலை செய்யும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் வந்தவளுக்கு என் வயது இருக்கும். முழங்கைக்குக் கீழே வெளுத்த தேமல். கண்ணை மூடச் சொல்லி, டாக்டரம்மா பஞ்சால் தொட்டார். மூன்று தடவை தொட்டதில் ஒரு தடவைதான் தெரிகிறது என்று சொன்னாள்.

"மூட்டை தூக்கற கைங்க. பஞ்செல்லாம் இதுக்கு ஒரு கனமுங்களா?"

விரலில் குத்தி, விரலையே பட்டையில் ஒற்றி, கரைசலை விட்டோம். கோடு எதுவும் தெரியவில்லை. பட்டை முழுக்கச் செந்நிறம். இன்னொன்று. அதுவும் அப்படியே.

"பட்டையே கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க்கா. கிளம்பலாம்," என்றார் டாக்டரம்மா. பையை மூட ஆரம்பித்தார்.

"அப்ப எனக்கு என்னன்னு தெரியாமயே போயிருமுங்களா?" என்று அவள் கேட்டாள்.

அவள் விரலைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். ஆரத்தித் தட்டு ஞாபகம் வந்தது. புதுப் பட்டை ஒன்றில் ரத்தம் விடாமல் மஞ்சள் தூளை மட்டும் தடவி, கரைசலை விட்டேன். சிவந்தது.

"ஏனுங்க, இது ரத்தமில்லீங்க. மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு உட்டாப்பல ஆயிப்போச்சு."

டாக்டரம்மா எழுந்தே விட்டார். "இந்தக் கரைசலும் சுண்ணாம்புத் தண்ணி குணந்தானுங்க்கா. லேப்ல சுத்தமான கையாவே பார்த்துப்போட்டேன்."

மஞ்சள் சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் வாங்கி வரச் சொன்னேன். தேய்த்து, துடைத்து, சோப்புப் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்தேன். வேறு விரலில் குத்தினோம். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்ததைச் சின்னக் குழாயில் எடுத்துப் புதுப் பட்டையில் விட்டு, கரைசலையும் விட்டோம்.

மூன்று பேரும் குனிந்திருந்தோம். பட்டை வெளுத்தது. ஒரு கோடு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மெலிசாக, நேராக, இன்னொன்று.

நான் வெட்டின பட்டை. டாக்டரம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கோடு வந்தா நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்றாள் அவள்.

சிரிப்பு நின்றது.

"இதுவே முடிவில்லீங்க," என்றார் டாக்டரம்மா. "ஆஸ்பத்திரியில பார்த்து உறுதி பண்ணோணும். அதுவா இருந்தாலும் மாத்திரை இருக்குது, குணமாயிரும். விரல் மடங்கிப்போற வரைக்கும் உட்டாத்தான் கஷ்டம்."

அவள் விரல்களை மடக்கினாள், நீட்டினாள். எல்லாம் நீண்டன.

"நாளைக்கே வாரேனுங்க."

பிறகு எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களிடம் போனாள்.

"கையை நீட்டு அம்மணி. நல்லாத் தேய். இல்லாட்டி இவிங்களுக்கு ஒண்ணும் தெரியாதாமா."