சீபுத் தீவில் ஒரு பரிகாரம்

காலை ஏழு மணிக்குப் பண்டார் தெங்காராவிலிருந்து கிளம்பினோம். காரில் நான், என் தங்கை செல்வி, பின்சீட்டில் ஒரு பெரிய பை பொரி. பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் துண்டும் தொப்பியும் கொண்டு போவார்கள். எங்கள் குடும்பம் பொரி கொண்டு போனது. கல்யாணமாகி எட்டு வருடமாகியும் செல்விக்குக் குழந்தை இல்லை. "கடல் மீனுங்களுக்குப் பசியாத்துங்க, பலன் கிடைக்கும்" என்று குளுவாங்கில் ஒரு ஜோசியர் சொல்லிவிட்டார். கோயில் குளத்து மீனுக்குப் போட்டால் போதாதாம்! மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் ஓவர்டைம். அதனால் டிரைவர் வேலை என் தலையில்.

ஒன்பதரைக்குத் தஞ்சோங் லெமான் படகுத்துறை. ஆளுக்கு எழுபது ரிங்கிட், தண்ணீருக்குள் பார்க்கிற மாஸ்க் வாடகை தனி. படகோட்டி ரம்லி, ஐம்பதைத் தாண்டிய மலாய்க்காரர், பையைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"தா போலே, காக்." கூடாது அக்கா என்கிறார். தீனிக்குப் பழகிய மீன் பாசியை மேயாதாம். பாசி பவளத்தை மூடிவிடுமாம்.

"அண்ணே, நீங்க பேசுங்கண்ணே," என்றாள் செல்வி. "இதான் கடைசி. இதுக்கப்புறம் எந்த ஜோசியர்கிட்டயும் போமாட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். ரம்லி பையைத் தூக்கித் தானே படகில் வைத்தார். எல்லாப் படகும் மீனுக்கு ரொட்டி போடுகிறதே, நான் ஒருத்தன் தடுத்து என்ன ஆகப்போகிறது என்று மலாயில் முணுமுணுத்தார்.

பத்தரைக்குத் தீவின் ஓரம் நங்கூரம் போட்டோம். செல்விக்கு நீச்சல் தெரியாது, படகிலேயே இருந்தாள். நான் மிதவைச் சட்டையோடு இறங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். ஐயோ, என்ன அழகு! மான்கொம்பு மாதிரிப் பவளம், அதற்குள் நீலப் பொடிமீன்கள். கிளிமீன் ஒன்று பாறையைக் கடிக்கும் சத்தம் காதில் கேட்டது. பத்தடி தள்ளிப் பார்த்தால் பவளம் சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தது. அதற்கும் அப்பால் பாசி பிடித்த குப்பைமேடு.

கூடவே இறங்கிய ரம்லி என் தோளைத் தட்டி ஒரு பாறையைக் காட்டினார். ஊதா நிறத்தில் உள்ளங்கை அகலத் திட்டு. அத்தனையும் முட்டை. மேலே கறுப்புக் கோடு போட்ட மீன் ஒன்று வட்டமடித்து, கிட்டே வந்தவனையெல்லாம் விரட்டியது. அதுதான் அப்பன். முட்டை பொரியும்வரை சரியாகச் சாப்பிடக்கூட மாட்டானாம்.

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி அதைச் செல்வியிடம் சொன்னேன்.

"பட்டினியாவா கெடக்கு? ஐயோ பாவம்! எங்கண்ணே இருக்கு? மொதல்ல அதுக்குத்தான்."

நான் வேண்டாம் என்பதற்குள் கை நிறைய அள்ளி நான் மிதந்த பக்கமாக வீசிவிட்டாள். மீண்டும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். கோட்டு மீன் ஒரு கணம் தயங்கியது. அப்புறம் பொரிக்கு மேலே பாய்ந்தது. அவ்வளவுதான், எங்கிருந்தோ ஒரு மீன்கூட்டம் பாறையிலிருந்த முட்டையில் விழுந்தது. நான் கையை வீசிப் பார்த்தேன், எவன் மதித்தான்? அப்பன் திரும்பியபோது பாறை வெறும் பாறை. அதன் மேல் அது பழையபடி வட்டமடித்தது, பக்கத்தில் வந்தவனை விரட்டியது.

படகில் செல்வி கைதட்டிக்கொண்டிருந்தாள். பை காலியாகும்வரை போட்டாள். ரம்லி என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு நங்கூரத்தை எடுத்தோம். அந்த ஜோசியன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். செல்வி இத்தனை வருடத்தில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, அந்த அப்பா மீனு சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சும்மா."

"அப்பாடா! இனிமே அதுக்குத் தெம்பா இருக்கும்ல, குட்டிங்கள பாத்துக்க," என்றாள், தண்ணீரைப் பார்த்து.