கொடியில் காயும் குழாய்

காலையில் காசியானோ முதலில் கழுவுவது தன் முகத்தையல்ல, மூக்குமூடியை. வெந்நீரில் சோப்பு நுரைத்து, குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் அதன் ரப்பர் விளிம்பைச் சுண்டுவிரலால் சுற்றித் துடைப்பார். பிறகு நீண்ட குழாயை உதறி, மனைவி நிகோலாசாவின் பாவாடைகளுக்கு நடுவே கொடியில் தொங்கவிடுவார். "என் தும்பிக்கை. யாரும் தொடாதீங்க," என்பார்.

ஐம்பத்தெட்டு வயது. பொலிவியாவில், மலைமேல் இருக்கும் எல் ஆல்ட்டோவிலிருந்து கீழே லா பாஸ் நகருக்கு மினிபஸ் ஓட்டுகிறார். கழுத்து பெருத்தவர்; சட்டையின் மேல்பொத்தானைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. போன வருஷம் சிவப்பு விளக்கில் நின்ற வண்டியிலேயே உறங்கிவிட்டார். பயணிகள்தாம் உலுக்கி எழுப்பினார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் கண்டுபிடித்தார். இரவெல்லாம் மூக்கில் காற்றை ஊதும் பெட்டி வீட்டுக்கு வந்தது. அது தினமும் ஓடிய கணக்கைக் காட்டினால்தான் உரிமம் கையில் தங்கும்.

எங்கள் மலைக்காற்று மூக்கை அறுக்கும். அதனால் பெட்டிக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. காற்று அதில் ஈரமும் சூடும் ஏறி வரும். முதல் வாரமே அதில் யூகலிப்டஸ் கஷாயத்தை ஊற்றிவிட்டார். தொட்டி பழுப்பேறியது.

"இதென்ன கஷாயப் பானையாய்யா?" என்றார் டாக்டர்.

"சளிக்கு எங்கம்மா அதத்தானே டாக்டர் குடுப்பாங்க!"

இப்போது காய்ச்சி வடித்த நீர் மட்டும். ஊற்றுமுன் தரையில் இரண்டு சொட்டு, பூமித்தாய்க்கு.

"சிமென்ட் தரைக்கு என்னய்யா தாகம்?" என்று நிகோலாசா சிரிப்பாள்.

"சிமென்ட்டுக்குக் கீழ அவதானே இருக்கா."

பெட்டி பழகாதது அவளுக்குத்தான். முப்பத்திரண்டு வருஷம் அந்தக் குறட்டையில் உறங்கியவள். கல்யாணமான புதிதில் ஒற்றை அறை, தகரக் கூரை. குறட்டைக்குத் தகரம் அதிரும். சுவருக்கு அப்பாலிருந்து ஹசிந்தோ கத்துவார்: "யோவ், லாரிய அணைச்சுட்டுத் தூங்குய்யா!" கைக்குழந்தைகூட அந்தச் சத்தத்தில்தான் அடங்கும். இப்போது மெல்லிய 'உஸ்' மட்டும்.

"பக்கத்துல பாம்பு படுத்த மாதிரி இருக்குய்யா."

"லாரியா பாம்பா, எது வேணும் சொல்லு."

அவளுக்கு லாரிதான் வேண்டும். சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சூப் குடித்த கையோடு, முற்றத்து வெயிலில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார் காசியானோ. குழாய் கொடியில் கிடந்தது. குறட்டை கிளம்பியது; அதே பழைய லாரி, மேட்டில் ஏறியது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நிகோலாசா கத்தியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். தகரக் கூரை வந்தது, ஹசிந்தோ வந்தார், தோளில் குழந்தையின் சூடு வந்தது.

சட்டென்று நின்றது. வாய் திறந்திருக்க, மார்பு அசையவில்லை. அவள் எண்ணினாள். எட்டில் ஓர் உறுமலோடு மூச்சு திரும்பியது. அடுத்த முறை பன்னிரண்டு ஆனது.

மூன்றாம் முறைக்கு அவள் காத்திருக்கவில்லை. பாவாடைகளுக்கு நடுவிலிருந்து குழாயை உருவினாள். உள்ளேயிருந்து வயரை இழுத்து, பெட்டியை அவர் காலடியில் வைத்தாள். தண்ணீரைத் தொட்டிக்குச் சரிக்கப் போனவள் கையைத் திருப்பி, முதல் இரண்டு சொட்டை மண்ணில் விட்டாள்.