ஒற்றைச் செங்கல் சுவர்

பேருந்து நிலைய அறிவிப்பாளர் மௌன விரதம் இருக்கிறாராம். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் இந்தச் செய்தி சபை முழுக்கப் பரவிவிட்டது. ஆண்டவருக்காக நாக்கைக் கட்டிவிட்டாராம், வேலைக்குக்கூடப் போவதில்லையாம். "நாமெல்லாம் எங்க, அவர் எங்க!" என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு.

பெருமூச்சை நம்பி எதையும் எழுத முடியாது. விசாரித்துப் பார்த்ததில் விரதமும் இல்லை, வைராக்கியமும் இல்லை. மனிதருக்குத் தொண்டை கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

காரணம் ஒரு சுவர். அவர் வீட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கைக்குட்டை தேடுவார்கள். விடிந்ததும் இருவருக்கும் ஜெபநேரம். கடைக்காரர் நோயாளிகள், கைதிகள், கடலில் போகிறவர்கள் என்று உலகத்தையே சுற்றிவருவார். அறிவிப்பாளருக்கோ தன் குடும்பத்தைத் தாண்டினால் சரக்கு தீர்ந்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் 'ஆமென்' கேட்காமல் இந்தப் பக்கம் முழங்காலை எடுப்பதாவது! யோசித்தார். பேருந்துகள் போகும் ஊர்களையெல்லாம் வழித்தட வரிசைப்படி சொல்லி, ஒவ்வோர் ஊருக்கும் ஆசீர்வாதம் கேட்கத் தொடங்கினார். அதுவும் நிலையத்தில் கூவும் அதே குரலில்.

"ஏங்க, ஆண்டவருக்கு நல்லாவே காது கேக்கும். நீங்க பக்கத்து வீட்டுக்குல்ல கத்துறீங்க?" என்றார் மனைவி.

"உனக்குப் பொறாமை."

"எனக்கா? நல்லா இருக்கே கதை!"

ஒரு நாள் 'பயணிகளின் கவனத்திற்கு' என்று தொடங்கிய குரல், பயணிகள் வரைக்கும் போகவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். நிலைய மேலாளர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "முடியலேன்னா சொல்லிடுங்க சார். பதிவு பண்ணி வச்ச குரல் ஒண்ணு இருக்கு. அதுக்குத் தொண்டையே கிடையாது."

பிழைப்பே ஆட்டம் கண்டது. மறுநாள் காலை வாயை இறுக மூடிக்கொண்டு முழங்காலிட்டார். அன்றுதான் சுவருக்கு அப்பால் நடப்பதை ஒழுங்காகக் கேட்டார். கடைக்காரர் தொடங்கினார், நிறுத்தினார், இருமிப் பார்த்தார், காத்திருந்தார். பிறகு தணிந்த குரலில்: "ஆண்டவரே, அந்த அண்ணன் ஊர் ஊரா ஜெபிக்கிறார். எனக்கு அத்தனை ஊர் பேரே தெரியாது. என்னையும் அவரை மாதிரி ஆக்கும்."

மறைப்பானேன், அறிவிப்பாளருக்கு ஒரு கணம் உள்ளம் குளிர்ந்தது. அடுத்த கணம்தான் உறைத்தது. 'அவரை மாதிரி ஆக்கும்' என்று, அந்த வார்த்தையில் சொல்லாவிட்டாலும், தானும் இத்தனை நாள் இதே விண்ணப்பத்தைத்தானே அனுப்பிக்கொண்டிருந்தோம்! இரண்டையும் ஆண்டவர் கேட்டருளியிருந்தால் இருவரும் வீடு மாறியதுதான் மிச்சமாகியிருக்கும்.

சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபோது, சொந்தமாகச் சொல்ல இருந்தது கொஞ்சம்தான் என்று தெரிந்தது: மகளின் பிடிவாதம், தன் தொண்டை, மனைவியிடம் விட்ட வார்த்தை. அதை மட்டும் மனதுக்குள் சொன்னார். அந்தப் பக்கம் இன்னும் 'ஆமென்' வரவில்லை; இவர் எழுந்துவிட்டார்.

கூவல் நின்றதும் குரல் மெல்லத் திரும்பியது. வேலையும் தப்பியது. ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. குரல் திரும்புவதற்கு முன்பு, விரதம் இருப்பவருக்கு ஆகட்டும் என்று கடைக்காரர் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீரோடு வந்திருந்தார். "அண்ணே, இப்பல்லாம் மௌனமாவே ஜெபிக்கிறீங்க போல! நானும் பார்க்கிறேன், வாய் நிக்க மாட்டேங்குது. எப்படிண்ணே முடியுது உங்களால?" அன்றைக்குப் பேச முடியாது, தலையை மட்டும் ஆட்டிவைத்தார். இன்றைக்கு அந்தச் சாக்கு இல்லை.

"ஃபிளாஸ்க்கைக் குடுத்துட்டு, நடந்ததையும் சொல்லிட்டு வாங்களேன். ரெண்டு எட்டு வைக்க இவ்வளவு யோசனையா?" என்கிறார் மனைவி.

"நாளைக்குக் கண்டிப்பா."

நேற்றும் அதைத்தான் சொன்னார். ஃபிளாஸ்க் சமையலறையில் கழுவிக் கவிழ்த்தபடி கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், பாவம், ஒரு மனிதர் வாயை மூடப் பழகிக்கொண்டிருக்கிறார்.