பேஸ் பெஞ்சு எழுந்திருக்காத ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கு அடித்தொண்டை. எங்கள் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறவர். குடியை நிறுத்தும் சிகிச்சை முடிந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் அவர் முதலில் கேட்டது காப்பி இல்லை. பாட்டுப் பயிற்சி எப்போது என்றுதான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஊரே பார்க்கும் இடத்தில் போய் உட்கார வேண்டுமா?

பாடகர் குழுவை மேய்ப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மற்றவர்களுக்குச் சனிக்கிழமை மட்டும் பயிற்சி. இவருக்கு மட்டும் தினமும் சாயங்காலம் ஆறரைக்குத் தன் வீட்டில் என்றார். அது இவர் குடிக்கக் கிளம்பும் நேரம். அதே குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிற நானும் துணைக்குப் போனேன்.

"கிறிஸ்மஸுக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கே டீச்சர்" என்றேன்.

"ஒன் ஆல்ட்டோ இருக்க லட்சணத்துக்கு ஆறு மாசம் பத்தாது."

தொல்லை மாதம் ஒருமுறை வரும் நற்கருணை ஞாயிறன்று வந்தது. அன்று பாடகர் குழுதான் முதலில் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கும். பிறகு சபையார் போகும்போது நாங்கள் பாடுவோம். எங்கள் கோயிலில் திராட்சரசம் நிஜமான மதுதான். ஒரு மிடறும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகாமல் உட்கார்ந்தாலோ, மத்தியானக் குழம்பு கொதிப்பதற்குள் தச்சநல்லூர் வரை கதை போய்விடும்.

"நான் போகத்தான் போறேன். ஒரு மிடறு என்ன செஞ்சிரும்?" என்றார் காலையில்.

குரல் வாரியாகச் சோப்ரானோ போனது, ஆல்ட்டோ போனது, டெனரும் போய் வந்தது. இவர் எழுந்துவிட்டார். டீச்சர் கையமர்த்தினார்.

"பேஸ்காரங்க ஒருத்தரும் எந்திரிக்கப்பிடாது. நீங்க போய்ட்டா பாட்ட யாரு தாங்குவா?"

உடனே பாட்டையும் ஆரம்பித்துவிட்டார். பேஸ்காரர்கள் நாலு பேரும் உட்கார்ந்தே பாடினார்கள். கடைசிச் சரணம் முடிந்ததும் டீச்சர் முதல் சரணத்துக்கே திரும்பினார். பிறகு மறுபடியும். சபையார் எல்லோரும் போய் வந்ததும், குருவானவர் திராட்சரசப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, அப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேஸ் பெஞ்சுக்கே வந்து நாலு பேருக்கும் கொடுத்தார். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்து அழுதேன்.

வெளியே வந்ததும் பேஸ் பாடுபவர்களில் மூத்த அண்ணாச்சி டீச்சரிடம் வந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

"இனி மாசாமாசம் இப்படியே வச்சிக்கிடுவோம் டீச்சர்."

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

அவர் தரையைப் பார்த்தார். "அந்த ஒரு மிடறோட எனக்கும் நிக்க மாட்டேங்கு."

என் வீட்டுக்காரர்தான் போய் அவர் தோளில் கை வைத்தார்.

"நாளைக்கு ஆறரைக்கு டீச்சர் வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி. பைய ஆரம்பிப்போம்."