உடைய மறுத்த நிச்சயத் தட்டு

ஃப்ரேடா வைன்ரிப் முப்பத்தைந்து வயதுவரை மாண்ட்ரியலில் ஒரு பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தவர். அப்புறம்தான் களிமண் பித்துப் பிடித்தது. தெருவின் வளைந்த இரும்புப் படிக்கட்டு போல சபாத் ஓய்வுநாளுக்கான விளக்குத் தண்டு, அந்த நாள் முடியும் சனி மாலை முகர்ந்து பார்க்க, தபால்பெட்டி போல கிராம்புப் பெட்டி என்று அவர் செய்ததையெல்லாம் பார்த்து யூத ஜெப ஆலயத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். மீதிப் பேர் வாங்கினார்கள். எதுவும் லேசில் உடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இருக்கட்டுமே.

மகள் ஷிஃப்ராவின் நிச்சயதார்த்தத்துக்குத் தட்டும் அவரே செய்தார். கல்யாண ஒப்பந்தம் வாசித்து முடிந்ததும் இரண்டு அம்மாக்களும் சேர்ந்து ஒரு மண் தட்டைப் போட்டு உடைக்க வேண்டும். உடைந்த மண் பழையபடி ஆகாது, கொடுத்த வாக்கும் அப்படித்தான் என்பது வழக்கம். ஃப்ரேடா மாதுளை வரைந்து, நீலம் பூசி, எப்போதும்போல, மண் கல்லாய் இறுகும் ஆயிரத்து இருநூற்றெண்பது டிகிரியில் சுட்டார். உடைக்கத்தான் செய்கிறோம் என்பது அவர் கைக்கு எட்டவில்லை போலும்.

நிச்சயத்தன்று ஃப்ரேடா வீட்டு வரவேற்பறையில் தட்டு விழுந்தது. ணங்கென்று சத்தம். மரத்தரையில் ஒரு பள்ளம், தட்டுக்கு ஒன்றுமில்லை. மறுபடி போட்டார்கள். உருண்டுபோய் சோபாவுக்கு அடியில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஷிஃப்ராவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா ரைஸல் நிமிர்ந்தார். "சம்பந்தி, மனசுல இருக்கறத வாயால சொல்லிருக்கலாமே. தட்டை ஏன் சொல்ல விடுறீங்க?"

"வேணும்னு பண்ணலங்க. உடையற மாதிரி செய்ய எனக்குத் தெரியல."

"எங்க பையனை உங்களுக்குப் பிடிக்கல. ஊரே சொல்லுது."

இல்லை என்று சொல்லத்தான் ஃப்ரேடா வாயெடுத்தார். மகளைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"பிடிக்கலதான். ஒரே வருஷத்துல மூணு வேலை மாத்தினவன். ஆனா அவளுக்குப் பிடிச்சிருக்கு. இந்தக் கல்யாணம் நின்னுபோயி அவ கண்ணு கலங்கினா என்னால தாங்க முடியாது. போதுமா?"

"அம்மா!" என்றாள் ஷிஃப்ரா.

ரைஸல் சோபா பக்கம் நடந்தார். "எனக்கு மட்டும் உங்க பொண்ணைப் பிடிச்சுக் கிழிக்குதா? என் சமையல்ல நொட்டை சொல்றா. இவன் என்னடான்னா அவ இல்லாட்டி சாப்பிடவே மாட்டேங்கறான்." குனிந்து சோபாவுக்கு அடியிலிருந்து தட்டை எடுத்தார். "வாங்க, வாசல்ல சிமெண்டுப் படி இருக்கு."

கோட்டுகூடப் போடாமல் இருவரும் பனியில் போய் நின்றார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தலைக்குமேல் தூக்கி, ஓங்கி அடித்தார்கள். தட்டு சுக்குநூறானது. உள்ளே "மஸல் தோவ்!" என்று வாழ்த்திக் கத்தினார்கள்.

ஃப்ரேடாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தட்டுக்காக அல்ல. மகள் இனி இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாள்.

ரைஸல் அவர் கையைப் பிடித்தார். "இங்கேயே அழுதுட்டுப் போயிடுவோம் சம்பந்தி. உள்ள போனா ரெண்டு பேரும் சிரிக்கணும்."