தறியை நிறுத்தச் சொன்ன கை

என் வீட்டுக்காரரின் குரல் மூன்று மாதமாகக் கம்மிக்கிடந்தது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டா தெரியவில்லை என்று டாக்டரே கேட்டார். கருமத்தம்பட்டியில் விசைத்தறிக் கொட்டகையை ஒட்டி எங்கள் வீடு. எட்டுத் தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. முப்பது வருடமாக நாங்கள் கையால்தான் பேசிக்கொள்கிறோம். கணபதியில் குடியிருக்கும் மகள்தான் போனில் கேட்டுவிட்டு, "ஏம்மா, அப்பாவுக்குத் தொண்டை என்னாச்சுங்க?" என்றாள்.

கோயம்புத்தூரில் பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். லாரிஞ்செக்டமி (குரல்வளையை முழுதாக எடுத்துவிடும் அறுவை) செய்து, மூச்சுவிடக் கழுத்தில் துளை வைத்தார்கள். இனிப் பேச்சு வராது என்றார்கள். நான் அதற்கு அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. வார்டில் மற்றவர்கள் நோட்டும் பேனாவுமாகத் திண்டாட, நாங்கள் பாட்டுக்குக் கையால் பேசிக்கொண்டிருந்தோம். நர்சுகள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமைகூட. பெருமைப்படுகிற இடமா அது?

வீடும் பழகிக்கொண்டது. துளையில் சளி எடுக்க நான் கற்றேன். மகள் வாரத்தில் நாலு நாள் வந்தாள். அவர் மெல்ல எழுந்து கொட்டகை வாசல்வரை நடந்தார்.

அறுவை முடிந்த ஒன்பதாம் மாதம் நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. குணமாகாது, கீமோ (நரம்பில் ஏற்றும் புற்றுநோய் மருந்து) போட்டால் கொஞ்ச நாள் தள்ளலாம், படுத்தியும் எடுக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அவரிடமே சம்மதம் கேட்டார்.

அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லத் தாழ்த்தினார். 'தறியை நிறுத்து.' கொட்டகையில் தினமும் நான் பார்க்கிற கை.

டாக்டருக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"சரீங்கறாருங்க" என்றேன்.

மகளுக்கும் அந்தக் கை தெரியும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மடியில் நோட்டு இருந்தது. எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசிக்குக் கையை நீட்டினார்.

மூன்று சுற்று போட்டார்கள். வாயெல்லாம் புண். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. நடந்துகொண்டிருந்த மனிதர் படுத்துவிட்டார். ஆசையில் செய்தேன் என்று சொல்லிச் சமாளிக்கலாம். பயத்தில்தான் செய்தேன். அவரில்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்ற பயம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான் இதை எழுதுவதும். இதே நிலையில் இருக்கிறவர்கள் என்னைப்போல் செய்துவிடாதீர்கள்.

நான்காவது சுற்றுக்கு டாக்டர் மறுபடி சம்மதம் கேட்டார். அவர் கையைத் தூக்கவில்லை. முடியவில்லையா, தூக்கி என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டாரா, தெரியாது. என்னையே பார்த்தார். நான் என் உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினேன்.

"போதுங்க டாக்டர். அவரு அன்னிக்கே வேண்டாம்னாருங்க. நாந்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன்."

இப்போது வீட்டில் இருக்கிறார். வலிக்கு மட்டும் மருந்து. எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டோம். கழுத்துத் துளையில் மூச்சு போய்வருவது சமையலறைவரை கேட்கிறது. அது நின்று இழுக்கும்போது என் மூச்சும் நிற்கிறது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடுத்த மூச்சு வந்துவிட்டதா என்பது மட்டும் தெரியும்.

மன்னிப்புக் கேட்க எங்கள் கைப்பேச்சில் சைகை கிடையாது. கொட்டகையில் அதற்குத் தேவை வந்ததில்லை. வாயால்தான் கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர் கையை மட்டும் பிடித்துக்கொள்வதில்லை. பிடித்துக்கொண்டால் அவரால் பேச முடியாது.